ஏரி தெரிஞ்சா எக்ஸ்ட்ரா காசா? | லேக் ஆஸ்வீகோ கதை | மொட்ட மாடி பேச்சு

வணக்கம் மக்களே, எல்லாரும் நல்லா இருக்கீங்களா. இன்னிக்கு சமையல் கிடையாது, செடி கிடையாது. நான் கடுப்பா இருந்தா மொட்ட மாடிக்கு வந்துருவேன்னு உங்களுக்கே தெரியும், பின்னாடி கிருஷ்ணகிரி மலை தெரியுது பாருங்க, இன்னிக்கு மேகம் வேற இறங்கியிருக்கு. காத்து சத்தம் வந்தா பொறுத்துக்குங்க, மைக்குல மாட்டுற பஞ்சக் காணோம், எங்க வீட்டு பூனை மேலதான் சந்தேகம்.

சரி, மாங்கனி கண்காட்சிக்கு போயிருந்தேங்க. மாம்பழம் எல்லாம் சூப்பர், அது தனி வீடியோ வரும். எனக்கு பெங்களூரா மாம்பழம் பிடிக்காதுன்னு உங்களுக்கு தெரியும், அது கூழ் ஃபேக்டரிக்குத்தான் லாயக்கு, திட்டறவங்க கமெண்ட்ல திட்டிக்குங்க. வெளிய வர்ற வழியில ஒரு பிளாட் விக்கிற ஸ்டால், பேரு சொல்ல மாட்டேன், ஒரு தம்பி கையில நோட்டீஸ் திணிச்சாரு. ஏரிக்கரை வில்லாவாம். சரின்னு விலைய கேட்டா, உள்பக்கம் இருக்கிற மனைக்கு ஒரு ரேட்டு, ஏரி தெரியற மனைக்கு சதுர அடிக்கு 350 ரூபா ஜாஸ்தி. 1200 சதுர அடின்னா கணக்கு போடுங்க, 4,20,000 ரூபா. ஏரிய பாக்கறதுக்கு மட்டும்! ஏரி தண்ணி வீட்டுக்குள்ள வந்தா அதுக்கு தனியா வாங்குவீங்களான்னு கேட்டேன், அந்த தம்பி சிரிக்கவே இல்ல. நாலு லட்சத்து இருவதாயிரம்ங்க. அந்த காசுக்கு நான் வண்டி எடுத்துட்டு தினமும் ஏரிக்கரைக்கு போய் பாத்துட்டு வரலாம், ஆயுசுக்கும் போகலாம், பெட்ரோலுக்கு போக மிச்சத்துல பேத்தி கல்யாணமே பண்ணலாம். மனை வாங்கறவங்க மட்டும் நடக்கற மாதிரி கரைக்கு கேட்டு போட்ருவோம் மேடம், அமெரிக்காவுல எல்லாம் இப்படித்தான்னாரு பாருங்க, அங்கதான் எனக்கு பத்திக்கிச்சு.

ஏன்னா அமெரிக்காவுல அந்த மாதிரி ஊர நான் பாத்திருக்கேன். பழைய வியூவர்ஸுக்கு ஞாபகம் இருக்கும், தங்கச்சி வீட்டுக்கு போனப்ப போட்ட வீடியோஸ், ஓரிகன் மாநிலம், போர்ட்லேண்ட் பக்கம். அதுல ஒரு வீடியோவுல நான் ஐஸ்கிரீம் கப்ப வச்சுக்கிட்டு ஏரிய பாத்து முறைச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன், அந்த ஊருதான் லேக் ஆஸ்வீகோ. ஐஸ்கிரீம் ஒரு ஸ்கூப் ஆறு டாலர். ஆறு! ஓரிகன்ல விற்பனை வரியே கிடையாது தெரியுமா, போர்டுல போட்டிருக்கிற விலைதான் விலை, அதுக்காகவே எனக்கு அந்த மாநிலத்த பிடிக்கும், ஆனா அந்த போர்டுலயே ஆறுன்னு போட்டா நான் என்ன பண்றது. ஃபிளேவர் என்னன்னா லாவெண்டர். சோப்ப நக்கின மாதிரி இருந்துச்சு. சரி அத விடுங்க.

போர்ட்லேண்டுக்கு தெக்க வில்லாமெட் ஆத்து ஓரமா இருக்கிற ஊரு. வசதியானவங்க ஊருன்னா அப்படி ஒரு வசதி. நடுவுல ஏரி, சுமாரா 400 ஏக்கர், சுத்தி கரையே தெரியாத அளவுக்கு பங்களா, ஒவ்வொரு வீட்டுக்கும் கீழ படகு நிறுத்த ஒரு ஷெட்டு. சனிக்கிழமையான பூங்காவுல உழவர் சந்தை, நல்லா இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. ரோட்டோரமா சிலை சிலையா வச்சிருக்காங்க, ஜூன் மாசம் ஓவியத் திருவிழான்னு வேற நடத்தறாங்க. அந்த சந்தை நடக்கற பூங்காவுலருந்தே ஏரிக்கு படிக்கட்டு இறங்குது. நான் செருப்ப கழட்டிட்டு கால நனைக்கலாம்னு போறேன், தங்கச்சி கைய பிடிச்சு இழுக்கறா. அக்கா போர்ட படிங்கறா. இது தனியார் ஏரி, படியோட நின்னுக்குங்கன்னு அப்ப எழுதியிருந்துச்சு. பூங்கா நகராட்சியோடது, படிக்கட்டு நகராட்சியோடது, கடைசி படிக்கு கீழ இருக்கிற தண்ணி மட்டும் வேற ஒருத்தரோடதாம்! கால நனைக்காம எந்த ஏரிய விட்டும் நான் வந்ததில்லைங்க.

அந்த கடுப்புலதான் அன்னிக்கு ராத்திரி உக்காந்து அந்த ஊரோட கதைய பூரா படிச்சேன். இப்ப சொல்றேன் கேளுங்க, இந்த பணக்கார ஊரு ஆரம்பத்துல இரும்பு உருக்கற ஊரு. கரியும் புகையும் உலைக்களமுமா இருந்த இடம். முதல்ல அங்க கிளாக்கமஸ்னு பழங்குடி மக்கள் இருந்திருக்காங்க, அப்புறம் 1847ல ஆல்பர்ட் டர்ஹாம்னு ஒருத்தர் வந்து மரம் அறுக்கற மில்லு போட்டு, நியூயார்க் மாநிலத்துல இருக்கிற ஆஸ்வீகோங்கற ஊரு பேரையே இதுக்கும் வச்சுட்டாரு. பக்கத்து மலையில இரும்புக்கல்லு கெடைச்சதும் 1865ல கம்பெனி ஆரம்பிச்சாங்க, 1867ல உலையிலருந்து முதல் இரும்பு வந்துச்சு. பசிபிக் கடலோரத்துக்கே அதான் முதல் உலை. அந்த கல்லு கட்டடம் இன்னமும் ஆத்தோர பூங்காவுல நிக்குது, நான் தொட்டு பாத்தேன், அதுக்கு யாரும் ஒன்னும் சொல்லல.

இரும்புன்னதும் எனக்கு நம்ம மயிலாடும்பாறைதான் ஞாபகம் வந்துச்சு. நம்ம மாவட்டம்ங்க, அங்க தோண்டி எடுத்த மாதிரிய வச்சு 4200 வருஷத்துக்கு முன்னாடியே இங்க இரும்பு இருந்துச்சுன்னு 2022ல சட்டசபையிலயே சொன்னாங்கல்ல. மாப்ளகிட்ட சொன்னேன், தங்கச்சி வீட்டுக்காரர், அவரு சேலத்துக்காரரு, உடனே இரும்புன்னா எங்க ஊரு கஞ்சமலைதான்னு ஆரம்பிச்சுட்டாரு. கார் வீடு வந்து சேர்ற வரைக்கும் சண்ட.

எங்க விட்டேன்... ஆங், உலை. அந்த கம்பெனிக்கு தண்ணி விசை வேணும், அதனால ஏரிய சுத்தி நிலத்தையும் தண்ணி உரிமையையும் வளைச்சு போட்டாங்க. போர்ட்லேண்டுக்கு குடிதண்ணி குழாய் கூட அங்க வார்த்ததுதான். அப்புறம் வெளியூர் இரும்பு சல்லிசா வர ஆரம்பிச்சதும் இது படுத்துக்கிச்சு, 1894ல உலை அணைஞ்சுது. உலை போச்சு, ஆனா நிலம் கம்பெனி கையிலயே இருக்கு பாத்தீங்களா. அங்கதான் ரியல் எஸ்டேட் மூளை வேலை செய்யுது. சக்கர் லேக்குனு ஏதோ மீன் பேரு இருந்துச்சு ஏரிக்கு, 1913ல அத மாத்தியாச்சு. அந்த பேர வச்சுக்கிட்டு எவன் பங்களா விப்பான். லாட் எஸ்டேட்னு ஒரு கம்பெனி, அந்த லாட்ங்கற பேங்க்காரரு குடும்பம்தான் இரும்பு கம்பெனியிலயும் பெரிய கை, அவங்களுக்காக பால் மர்ஃபின்னு ஒருத்தர் 1920கள்ல மனை மனையா போட்டு வித்தாரு. கோல்ஃப் மைதானம், குதிரை சவாரி, விளையாடற இடத்துலயே குடியிருங்கன்னு விளம்பரம். நம்மூர் நோட்டீஸும் கிட்டத்தட்ட அதேதான், குதிரை மட்டும் இல்ல.

ஆங் இருங்க, ஒன்னு விட்டுட்டேன், இது முக்கியம். ஏரிக்கு பக்கத்து ஆறான டுவாலடின்லருந்து தண்ணி கொண்டு வர ஒரு கால்வாய் இருக்கு, 1870கள் ஆரம்பத்துல வெட்டினது. அத வெட்டினது சீனாக்கார கூலி ஆளுங்க. இதுல கொடுமை என்னன்னா, பின்னாடி அந்த ஏரியாவுல மனை வித்தப்ப பத்திரத்துலயே வெள்ளைக்காரங்க தவிர யாருக்கும் விக்கக் கூடாதுன்னு எழுதியிருக்காங்க. கால்வாய் வெட்ட ஆளு வேணும், குடியிருக்க வேணாம். 1948ல சுப்ரீம் கோர்ட் அந்த மாதிரி ஷரத்த கோர்ட்டு மூலமா அமல்படுத்த முடியாதுன்னுச்சு, 1968ல வீட்டு விற்பனையில பாகுபாடு பாக்கக் கூடாதுன்னு சட்டமே வந்துச்சு. இத கேட்டு மூக்கு மேல விரல் வைக்காதீங்க, நம்ம பக்கம் பத்திரத்துல எழுதாமலே இதெல்லாம் நடக்குது, வாடகைக்கு வீடு தேடினவங்களுக்கு தெரியும். முதல் கேள்வியே நீங்க என்ன ஆளுங்கன்னுதான கேக்கறாங்க.

ஏரி யாருதுன்னு கேட்டீங்கன்னா, 1942ல கரையில வீடு வச்சிருக்கிறவங்க சேர்ந்து ஒரு கார்ப்பரேஷன் ஆரம்பிச்சு ஏரிய அவங்க கையில எடுத்துக்கிட்டாங்க. படகு விடணும்னா அவங்ககிட்ட பதியணும், ரோந்து போட்டு வேற சுத்துது. கரையில வீடு இல்லாத சில தெருக்காரங்களுக்கு மட்டும் குளிக்கற உரிமை பத்திரத்தோட வருது, அதுக்குன்னு தனியா குளிக்கற துறை இருக்கு. ஆனா ஒன்னு, பராமரிப்புல கொறை சொல்லவே முடியாது. ஏரி பச்சையா பாசி பிடிக்காம இருக்க படிகாரம் போடறாங்கங்க! எங்க பாட்டி குடத்துல சுத்துமே அந்த மாதிரி படிகாரம், அவங்க ஏரிக்கே போடறாங்க. சில வருஷத்துக்கு ஒரு தடவ தண்ணிய இறக்கிட்டு சுவரெல்லாம் பூசிக்கறாங்க. இன்னொன்னு கேளுங்க, அந்த ஊரோட சாக்கடை மெயின் குழாயே ஏரிக்குள்ளதான் போகுது, பழைய குழாய மாத்தறதுக்காக 2010 கடைசியில ஏரிய 24 அடி இறக்கி, புது குழாய தண்ணிக்குள்ள மிதக்கற மாதிரி நங்கூரம் போட்டு நிறுத்தியிருக்காங்க. அதுக்கு மேலதான் இவங்க ஒய்யாரமா படகு விட்டுக்கிட்டு என்னை கால நனைக்காதன்னாங்க.

நம்ம பக்கம் பாருங்க, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில பெங்களூர் கழிவு வந்து நுரை மலை மாதிரி நிக்குது, ரோட்டுல பறக்குது, எனக்கு வயிறு எரியும். அதனாலதான் அந்த பிளாட்டு தம்பி சொன்னதும் ஒரு நிமிஷம் யோசிச்சேன், கேட்டு போட்டாவாவது சுத்தமா இருக்குமோன்னு. இல்லீங்க, நுரை மேல இருந்து வருது, கரையில கேட்டு போட்டா நின்னுருமா.

சரி அந்த ஊர்க்காரங்க எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களான்னா இல்ல. 2012ல நகராட்சி அந்த பூங்கா படியிலருந்து யாரும் தண்ணிக்குள்ள போகக் கூடாதுன்னு தீர்மானம் போட, ரெண்டு பேரு கேஸ் போட்டுட்டாங்க, ஒருத்தரு கயாக்குங்கற சின்ன துடுப்பு படகு ஓட்டறவரு, இன்னொருத்தரு நீச்சக்காரரு. மாநில சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 2019ல திரும்பி கீழ்க்கோர்ட்டுக்கே வந்து, 2022ல நீதிபதி என்ன சொன்னாங்கன்னா, 1859ல ஓரிகன் மாநிலம் ஆனப்பவே இந்த ஏரி படகு போகற மாதிரிதான் இருந்துச்சு, அதனால அப்ப இருந்த ஏரியோட அடிநிலம் மாநிலத்தோடதுன்னுட்டாங்க. நூறு வருஷமா எங்க ஏரி எங்க ஏரின்னவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்! நான் அத படிச்சப்ப ராத்திரி ஒரு மணி, தனியா கை தட்டினேன், தங்கச்சி எழுந்து வந்து என்னக்கா ஆச்சுங்கறா.

நம்ம கிருஷ்ணகிரி கேஆர்பி அணை 1957ல காமராஜர் திறந்தது, 52 அடி, அதுக்கு போனா டிக்கெட்டோ பார்க்கிங்கோ என்னமோ கேப்பாங்க, ஆனா நீ யாரு எந்த தெருன்னு எவனும் கேக்க மாட்டான். மீன் வறுவல் வாங்கிக்கிட்டு தண்ணிய பாத்துட்டு உக்காரலாம். 2017ல மதகு உடைஞ்சப்ப வேலைய விட்டுட்டு எத்தன பேரு போய் நின்னோம். பாரூர் பெரிய ஏரி நிரம்பி கோடி போனா கெடா வெட்டறாங்க, அதுல வயக்காரங்களும் உண்டு, வேடிக்கை பாக்க வந்தவங்களும் உண்டு. அங்க போய் கேட்டு போடுங்க பாப்போம்.

கமெண்ட்ல கேப்பீங்க, ஏரிக்கரையில மனை வாங்கவே கூடாதான்னு. வாங்குங்க, நான் யாரு சொல்ல. சர்வே நம்பர வாங்கி அ-பதிவேடு, அதாவது அரசாங்க நிலப் பதிவேடு, எடுத்து பாருங்க, ஆன்லைன்லயே வருது, நீர்நிலை புறம்போக்குன்னு இருந்தா பத்து பேரு சத்தியம் பண்ணாலும் அட்வான்ஸ் குடுக்காதீங்க. ஏரி ஆக்கிரமிப்ப எடுக்கறதுக்கு 2007லயே தனிச் சட்டம் இருக்கு, புல்டோசர் வர்ற அன்னிக்கு வித்தவன் போன் சுவிட்ச் ஆஃபா இருக்கும். வரைபடத்துல வாய்க்கா மனைக்குள்ள ஓடுதான்னும் பாருங்க, நிறைய பேரு ஏரிய பாப்பாங்க, அதுக்கு தண்ணி வர்ற வழிய பாக்கறதில்ல.

அடுத்தது பாரூர் வீடியோதான், கரையில மீன் வாங்கி அங்கயே குழம்பு வைக்கறதா பிளான், மழை வந்தா கிடையாது. பூனை மேல வருது, நான் போய் பஞ்ச தேடறேன். வரட்டுங்களா.