கோட்பாட்டுச் சட்டகம் எதற்கு?

வணக்கம் நேயர்களே. முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவர்கள் பலர், "தரவெல்லாம் சேகரிச்சாச்சு, இப்ப எந்தக் கோட்பாட்டைப் போடலாம்?" என்று கேட்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் கவலையாக இருக்கிறது. எதைத் தேடுவது, யாரிடம் போய்க் கேட்பது என்பதை முடிவுசெய்வதே கோட்பாட்டுச் சட்டகம்தான், அதாவது ஒரு விஷயத்தை எந்தக் கோட்பாட்டின் வழியே பார்க்கிறோம் என்பதுதான், அதைக் கடைசியில் கொண்டுவந்து ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் செருகி என்ன பயன்?

1943 வங்கப் பஞ்சத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அங்கிருந்து வந்த அரிசி நின்றுவிட்டது, 1942 அக்டோபரில் மேதினிப்பூர் பக்கம் பெரும்புயல், போதாததற்கு நெற்பயிரில் நோய். பஞ்சம் என்றால் உணவுப் பற்றாக்குறை என்ற சட்டகத்தோடு போகிறவர் விளைச்சல் கணக்கையும் இறக்குமதிக் கணக்கையும் எடுப்பார், அதோடு ஆய்வு முடிந்தது.

பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் வேறு கேள்வி கேட்டார். இருந்த அரிசியை வாங்கும் வலு யாரிடம் இல்லாமல் போனது? 1981இல் வந்த அவருடைய நூலின் கணக்குப்படி, 1943இல் இருந்த உணவு முந்தைய 5 ஆண்டுச் சராசரியைவிடச் சுமார் 5 சதவீதம்தான் குறைவு, பஞ்சமே இல்லாத 1941ஐவிட 13 சதவீதம் அதிகம்! போர்க்காலச் செலவால் அரிசி விலை தாறுமாறாக ஏறியது, விவசாயக் கூலி அந்த அளவுக்கு ஏறவில்லை. விளைச்சலில் பங்கை நெல்லாகவே பெற்ற குத்தகையாளர் ஓரளவு தாக்குப்பிடித்தார், கூலியாள் மடிந்தார். முடிதிருத்துபவர்களும் கடுமையாக அடிபட்டார்கள், ஏனென்றால் சோற்றுக்கே வழியில்லாதபோது யார் முடிவெட்டக் காசு கொடுப்பார்கள்? விளைச்சல் பட்டியலை எத்தனை முறை புரட்டினாலும் இந்த முடிதிருத்துபவர் அதில் வரமாட்டார்.

சென் நம்பிய விளைச்சல் புள்ளிவிவரமே சரியில்லை, பற்றாக்குறை உண்மையில் பெரியது என்று பிற்பாடு சிலர் எதிர்த்து வாதிட்டார்கள். அந்த வாதமும் முக்கியம். எந்தச் சான்று வந்தால் தன் விளக்கம் ஆட்டம்காணும் என்று ஒரு நல்ல சட்டகம் காட்டிக்கொடுத்துவிடும், எந்தச் சான்று வந்தாலும் தலையாட்டிக்கொண்டே இருக்கிற சட்டகத்தால் ஆய்வாளருக்கு உதவி இல்லை.

சரி, ஆய்வு தொடங்கப் போகிறவர்கள் இதைச் செய்யுங்கள். வினாப்பட்டியல் தயாரிக்கும் முன்பே, என் சட்டகம் யாரைப் பார்க்கச் சொல்கிறது, யாரை விட்டுவிடுகிறது, எது கிடைத்தால் அது தவறாகும் என்று ஒரு பக்கம் எழுதி நெறியாளரிடம் காட்டுங்கள். களப்பணி அதற்கப்புறம். நன்றி, வணக்கம்.