தாத்தாவும் சுரைக்குடுக்கையும்
(கடற்படை நாள் விழாவில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, காய்ச்சலோடு எழுந்து வந்திருக்கிற தலைமையாசிரியர் அம்மா அவர்களே, பந்தலும் மைக்கும் தன் செலவிலேயே போட்டுக் கொடுத்த ஊராட்சித் தலைவர் அண்ணன் அவர்களே, முன்வரிசையில் பதக்கங்களோடு உட்கார்ந்திருக்கிற முன்னாள் படைவீரர் ஐயாமார்களே, தாய்மார்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். சால்வை போர்த்திய மகளிர் குழு அக்காக்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

இரண்டு விஷயம் பேச வந்திருக்கிறேன். தாத்தா இருந்த கப்பல் எப்படி மூழ்கியது, தாத்தா மட்டும் எப்படித் திரும்பி வந்தார்.

1971 டிசம்பர் 4 இரவு நம் ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கின. அதைத்தான் இன்று கொண்டாடுகிறோம். அதற்கு ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 9 இரவு, குஜராத் பக்கம் தியு கரைக்கு அப்பால், தாத்தா இருந்த ஐ.என்.எஸ். குக்ரியும் கிர்பானும் ஆகிய நம் போர்க்கப்பல்கள் எதிரி நீர்மூழ்கியைத் தேடிக்கொண்டிருந்தன. பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி விட்ட டார்பிடோ, அதாவது தண்ணீருக்குள் பாய்ந்து வரும் குண்டு, குக்ரியைப் பிளந்தது. சில நிமிடங்களில் கப்பல் போய்விட்டது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் அதோடு உயிர்விட்டார்கள். கேப்டன் மகேந்திர நாத் முல்லா தன் ஆட்களைக் கடலில் குதிக்கச் சொல்லிவிட்டு, தான் கப்பலோடு போனார். அவருக்கு மகாவீர் சக்கரம் என்ற வீர விருது கொடுத்தார்கள். "அந்த மனுஷன் நினைத்திருந்தால் தப்பியிருக்கலாம்டா" என்று சொல்லும்போதெல்லாம் தாத்தாவுக்குக் குரல் உடைந்துவிடும்.

சரி, தாத்தா எப்படித் தப்பினார்? அதற்குக் கப்பலை விட்டுவிட்டு எங்கள் வயல் கிணற்றுக்கு வர வேண்டும். தாத்தாவுக்கு ஐந்து வயது. அவருடைய அப்பா, பையன் முதுகில் ஒரு காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்பில் வடக்கயிற்றைப் போட்டு, மேலே நின்றபடி கிணற்றுக்குள் இறக்கிவிட்டார். பையன் கத்துகிறான், ஆத்தா கிணற்று மேட்டில் நின்று திட்டுகிறாள், மாடு மிரண்டு ஓடுகிறது. கொள்ளுத்தாத்தா கயிற்றை விடவே இல்லை. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று ஒரே வார்த்தை. மூன்றாம் நாள் குடுக்கை பாதி அளவாயிற்று, பத்தாம் நாள் குடுக்கையே இல்லை. கடைசியாக ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார்: கையைக் காலை அடிக்காமல் மல்லாந்து கிடக்க வேண்டும், மூச்சை நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும், பயந்தால்தான் தண்ணீர் இழுக்கும்.

குக்ரி சாய்ந்தபோது தாத்தா மேல்தளத்தில் இருந்தார். குதித்ததும் பூட்ஸைக் கழற்றினார். சுற்றிலும் எண்ணெய், இருட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல்கள். கப்பல் இழுக்கும் என்று தெரிந்து முடிந்த மட்டும் விலகி நீந்தியவர், அப்புறம் நீந்தவில்லை. கிணற்றில் கிடந்த மாதிரி மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் ஒரு பையன் பதறிக் கையை அடித்துக்கொண்டே இருந்தானாம். தாத்தா அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, "படுடா, கட்டில்ல படுக்கிற மாதிரி படு" என்று தமிழில் கத்தினாராம். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் படுத்துவிட்டான். மறுநாள் மீட்புக் கப்பலில் இருவரையும் ஒரே கம்பளியில் சுற்றினார்கள். தாத்தா கடைசி வரை அந்தக் கதையில் கேப்டனையும் அந்தப் பையனையும்தான் சொல்வார், தன்னைச் சொல்ல மாட்டார்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? இதை நான் போகிற மேடையெல்லாம் சொல்கிறேன், இன்னும் சொல்வேன். நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு ஆற்றுக்குச் சுற்றுலா போகிறார்கள், முழங்கால் தண்ணீர் என்று இறங்குகிறார்கள், மணல் அள்ளிய பள்ளத்தில் காலை வைத்ததும் போய்விடுகிறார்கள். ஒருவனைக் காப்பாற்ற இன்னொருவன் குதித்து இருவரும் போகிறார்கள். குதிக்காதே, துப்பட்டாவை வீசு, கயிற்றை வீசு, கழியை நீட்டு என்று யாராவது சொல்லிக் கொடுத்தோமா? போர்க்கப்பலில் இருந்தவரை ஒரு கிணறு காப்பாற்றியிருக்கிறது. நம் ஊரில் எத்தனை கிணறு இருக்கிறது?

தலைமையாசிரியர் அம்மா, ஐந்தாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஊராட்சித் தலைவர் அண்ணன் கிழக்குக் கிணற்றுப் படியைச் சரிசெய்து, சுற்றிக் கம்பி போட்டுத் தர வேண்டும். படைவீரர் ஐயாமார்கள் வாரம் ஒருவர் மேலே நின்று கயிற்றைப் பிடித்தால் போதும். படி தயாரானதும் வருகிற முதல் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் அங்கே இருப்பேன். வீட்டுக் கொல்லையில் பத்துச் சுரைக்காய் முற்றிக் காய்ந்துகொண்டிருக்கிறது, எல்லாவற்றையும் எடுத்து வருகிறேன்.