தலைவலிக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது

(ராமநாதபுரம் கடலோரப் பகுதியில் பணிபுரியும் பயிற்சி மருத்துவர்களுக்கான உரையின் எழுத்து வடிவம்)

பயிற்சி மருத்துவர்களுக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

காலை நேரம், புறநோயாளிப் பிரிவில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. தங்கச்சிமடத்திலிருந்து வந்த அம்மா உட்கார்ந்ததுமே, "மூணு நாளா மண்டையிடி சார்" என்கிறார். அவர் வாயை மூடுவதற்குள் சீட்டில் பாராசிட்டமால் ஏறிவிடுகிறது. பத்தில் ஒன்பது பேருக்கு அது போதும்தான். ஆனால் அந்த ஒன்பது பேர் பழக்கிவிட்ட கை, பத்தாவது ஆளுக்கும் அதையே எழுதுகிறது. இன்று நான் பேச வந்தது அந்தப் பத்தாவது ஆளைப் பற்றி. அவரை ஸ்கேன் கண்டுபிடிப்பதற்கு முன்னால் உங்கள் கேள்வி கண்டுபிடிக்க வேண்டும்.

மாணவர்கள் வழக்கமாக "எங்கே வலிக்குது?" என்று தொடங்குகிறார்கள். அதைப் பிறகு கேட்கலாம். முதலில் தெரிய வேண்டியது, வலி தொடங்கி உச்சத்துக்குப் போக எவ்வளவு நேரம் ஆனது என்பது. இதை நிமிடக் கணக்கில் கேட்டால் யாருக்கும் பதில் வராது. "வலி வந்தப்ப என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்கண்ணே?" என்று கேளுங்கள். "காலையில லேசா இருந்துச்சு, வெயில் ஏற ஏறக் கூடுச்சு" என்பது ஒரு பதில். "வலையை இழுத்துக்கிட்டு இருந்தேன், பின்மண்டையில கல்லைப் போட்ட மாதிரி விழுந்துச்சு" என்பது முற்றிலும் வேறு பதில். ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்ட வலியை, இல்லை என்று நிரூபிக்கும்வரை மூளையுறைக்கடியில் இரத்தக் கசிவு என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஊசி போட்டதும் வலி குறைந்துவிட்டதே என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள். வலி நிவாரணிக்குக் கேட்கும் வலி ஆபத்தில்லாத வலி என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. தொடங்கிய 6 மணி நேரத்துக்குள் எடுத்த சிடி ஸ்கேன் ஏறக்குறைய எல்லாக் கசிவையும் காட்டிவிடும். நேரம் போகப் போக அதன் திறன் குறைகிறது. அதன்பின் சிடி சுத்தமாக இருந்தாலும் முதுகுத் தண்டுநீர் எடுத்துப் பார்க்க வேண்டும். கசிந்த இரத்தம் சிதைந்து அதில் மஞ்சள் நிறம் ஏற 12 மணி நேரம்வரை ஆகலாம். ஆகவே வலி தொடங்கிய மணியைச் சீட்டில் எழுதாமல் விட்டால், அடுத்து பார்க்கும் மருத்துவருக்கு எந்தச் சோதனையை நம்புவது என்றே தெரியாது.

அடுத்தது, சொற்கள். "தலை சுத்துது" என்பதை அப்படியே எழுதிக்கொண்டு போகாதீர்கள். சுற்றியிருக்கும் பொருள் சுழல்கிறதா, எழுந்ததும் கண் இருட்டுகிறதா, நடந்தால் தள்ளாடுகிறதா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். மூன்றும் வெவ்வேறு நோய்கள். "பித்தத் தலைவலி, வாந்தி எடுத்தா தெளிஞ்சிரும்" என்று சொல்பவரைத் திருத்த வேண்டாம். அவர் மைக்ரேனைத்தான் அச்சாகச் சொல்கிறார். ஒற்றைத் தலைவலி என்ற பெயரால் நாமே ஏமாறுகிறோம், மைக்ரேன் இரண்டு பக்கமும் வரும். பக்கத்தைக் கேட்பதைவிட, "வலி வந்தா வேலை பாப்பீங்களா, கதவைச் சாத்திட்டுப் படுத்துருவீங்களா?" என்று கேட்பது பலன் தரும். மைக்ரேன் என்றால் மருந்தில்லாமல் 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கும், இதுவரை குறைந்தது ஐந்து முறையாவது வந்திருக்கும், வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது அல்லது குமட்டும். சைனஸ் என்று வருடக்கணக்கில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களில் பலரும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். முந்தானை முடிச்சிலிருந்தோ சட்டைப் பையிலிருந்தோ பாதி கிழிந்த அட்டை ஒன்று வரும். பத்தில் ஏழு காலி. "இது எப்ப வாங்கினது?" என்றால், "முந்தாநாள்" என்பார். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி இருந்து, பாராசிட்டமால் போன்ற தனி மாத்திரையை 15 நாளுக்குக் குறையாமலோ, காஃபின் கலந்த கூட்டு மாத்திரையை 10 நாளுக்குக் குறையாமலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டு வந்தால், மாத்திரையே வலியை வளர்க்கிறது. எண்ணிக்கை முக்கியமில்லை, எத்தனை நாள் என்பதுதான் கணக்கு. நிறுத்தச் சொல்லும்போது, முதல் வாரம் பத்து நாள் வலி கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் மூன்றாம் நாளே மறுபடி கடைக்குப் போவார்.

இரத்த அழுத்தம் 150/90 இருக்கிறது, அதனால்தான் தலைவலி என்று எழுதுவது எல்லா ஊரிலும் நடக்கும் தவறு. அந்த அளவு அழுத்தத்தால் தலை வலிக்காது. வலியால்கூட அழுத்தம் ஏறியிருக்கலாம்.

இந்தக் கடற்கரையில் தொழிலைக் கேட்காமல் தலைவலியை எழுதி முடிக்கக் கூடாது. பாசி எடுக்கும் பெண்கள் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், மூச்சடக்கி முங்கி முங்கி எழுகிறார்கள். சளி பிடித்திருக்கும்போது முங்கினால், இறங்குகிற நொடியிலேயே நெற்றியில் குத்தும், மூக்கில் இரத்தம் எட்டிப் பார்க்கும். அது அழுத்தக் காயம். சங்குக்கு முங்குபவர் கம்ப்ரசர் காற்றைக் குழாயில் இழுத்தவர் என்றால், மேலே வந்தபின் வரும் தலைவலியோடு மூட்டு வலி, மரத்துப்போதல், நடை தடுமாற்றம் உண்டா என்று பாருங்கள். இருந்தால் அது அழுத்தக் குறைவு நோய். படுக்கவைத்து முழு ஆக்சிஜன் கொடுத்து, அழுத்த அறை (உயர் அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுக்கும் அறை) உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். கம்ப்ரசருக்குள் இன்ஜின் புகை போயிருந்தால் அது கார்பன் மோனாக்சைடு நச்சு. கருவேலங்கரி மூட்டத்தருகே படுப்பவருக்கும், பூட்டிய அறையில் ஜெனரேட்டர் ஓட்டுபவருக்கும் இதே ஆபத்துதான். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போல் தலைவலி, வெளியே வந்தால் தெளிகிறது என்றால் இதை நினையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டும், நம்ப வேண்டாம். அந்தக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் மோனாக்சைடு ஏறியதும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

படகில் கயிறோ கட்டையோ தலையில் அடித்ததை ஆட்கள் மறந்தே போவார்கள். வயதானவர், குடிப்பழக்கம் உள்ளவர் என்றால் இரண்டு மாதத்துக்கு முந்தைய அடியையும் கேளுங்கள். மெதுவாகத் தேங்கும் இரத்தம் வாரக்கணக்கில் கழித்துத்தான் தலைவலியாகவும் மந்தமாகவும் வெளிவரும்.

பிரசவித்த பெண்ணின் தலைவலிக்கு அவசரப்படாமல் நேரம் கொடுங்கள். முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் ஆனவருக்கு ஐந்து நாளுக்குள் வரும் வலி, உட்கார்ந்தால் கூடும், படுத்தால் தணியும். படுத்தாலும் தணியாத வலியாக அது மாறிவிட்டால் கதை மாறிவிட்டது. பச்சை உடம்பு என்று தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வீடுகளில் உடல் வறள்கிறது. பிரசவத்துக்குப் பின் இரத்தம் உறையும் தன்மை ஏற்கெனவே கூடியிருக்கிறது. மூளைச் சிரையில் இரத்தம் உறைய இவ்வளவு போதும். சாதாரண சிடி இதில் சுத்தமாக வரலாம். சிரைகளைக் காட்டும் ஸ்கேனை (வெனோகிராம்) பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

பரிசோதனையில் இரண்டை மட்டும் விரித்துச் சொல்கிறேன். கழுத்தை முன்னால் வளைத்தால் மட்டும் விறைத்து, பக்கவாட்டில் திருப்பினால் தடையில்லாமல் போனால் அது மூளையுறையின் உறுத்தல். எல்லாப் பக்கமும் இறுகினால் பெரும்பாலும் கழுத்தெலும்புத் தேய்மானம். காசநோய் மூளையுறை அழற்சியில் முதல் வாரம் விறைப்பே இல்லாமல் இருக்கலாம். லேசான காய்ச்சல், உடல் மெலிவு, நாளுக்கு நாள் கூடும் வலி என்றால் கழுத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

இரண்டாவது, கண்ணுக்குள் பார்ப்பது. ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் கொடுத்த ஆப்தல்மாஸ்கோப் என்ற கருவி பல இடங்களில் பெட்டிக்குள் பேட்டரி தீர்ந்து கிடக்கிறது. அறையை இருட்டாக்குங்கள். நோயாளியைத் தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் வலக்கண்ணுக்கு உங்கள் வலக்கை, வலக்கண். ஒரு முழத் தூரத்தில் சிவப்பு ஒளியைப் பிடித்துக்கொண்டு, காதுப் பக்கமாகச் சுமார் 15 டிகிரி சாய்வில் நெருங்குங்கள். நேராக முன்னால் போனால் வெளிச்சம் பார்வைப் புள்ளியில் விழுந்து கண்பாப்பா சுருங்கிவிடும். இரத்தக் குழாய் ஒன்று தெரிந்ததும், அது தடிக்கும் திசையில் போனால், பார்வை நரம்பு கண்ணுக்குள் தெரியும் இடமான நரம்புத் தட்டு வரும். விளிம்பு கோடு போட்டதுபோல் இருக்கிறதா, புகைமூட்டமாக இருக்கிறதா? புகைமூட்டமாக இருந்தால் மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம், அன்றே அனுப்ப வேண்டியவர். இது பத்துப் பேரைப் பார்த்தால் வராது, ஐம்பது பேரைப் பார்த்தால் வரும். அதனால் தலைவலி இல்லாதவரின் கண்ணையும் பாருங்கள்.

கடைசியாக, நடக்கவிட்டுப் பாருங்கள். படுக்கையில் கைகால் நன்றாக இருப்பவர் எழுந்து பத்தடி நேராக நடக்க முடியாமல் போகலாம். சிறுமூளையின் அடைப்பு அப்படித்தான் தப்பிப் போகிறது.

நோயாளியை அனுப்பும் ராமேஸ்வரத்திலிருந்து பெரிய மருத்துவமனை இருக்கும் மதுரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர். 20 வாரம் தாண்டிய கர்ப்பிணி, தலைவலி, கண் மங்கல், அழுத்தம் 160/110 என்றால், வண்டி ஏறுவதற்கு முன், வலிப்பைத் தடுக்க, மேக்னீசியம் சல்பேட் 50 சதவீதக் கரைசலை ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராம், அதாவது 10 மில்லி, ஆழமாகப் போட்டு, அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தும் தொடங்கி அனுப்புங்கள். எந்த நோயாளியானாலும் சீட்டில் இவை இருக்கட்டும்: வலி தொடங்கிய மணி, நினைவு நிலை எண் (கிளாஸ்கோ அளவுகோல்), இரு கண்பாப்பாவின் அளவு மில்லிமீட்டரில், கொடுத்த மருந்து, கொடுத்த மணி. கூட வருபவரின் போன் நம்பரையும் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.