உழைப்பை வாழ்த்தினார்கள், கட்சிக்கு வாக்களித்தார்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பதவியில் இருக்கும் ஓர் அமெரிக்க செனட்டரின், அதாவது அந்நாட்டு நாடாளுமன்ற மேலவை உறுப்பினரின், மறுதேர்தலைத் தீர்மானிப்பது அவருடைய உழைப்பா, அவருடைய கட்சியா? இதுதான் இன்றைய தலைப்பு. உழைப்பே என்று வாதாட வந்த எதிரணி அம்மையார், மெய்ன் மாநிலத்து சூசன் காலின்ஸை நம் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். 2020 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஜோ பைடன் ஒன்பது சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் வென்ற மாநிலம் அது. அதே நாளில், அதே மாநிலத்தில், குடியரசுக் கட்சியைச் சேர்ந்த காலின்ஸ் எட்டரைப் புள்ளிக்கும் மேல் வித்தியாசத்தில் வென்றார். ஒரு வாக்கெடுப்பைக்கூடத் தவறவிடாத உழைப்புக்கு மக்கள் கொடுத்த கூலி அது என்றார் அம்மையார். "உழைத்தவரை அடையாளம் காணத் தெரியாதவர்களா மக்கள்?" என்று கேட்டுவிட்டு அமர்ந்தார். அரங்கமும் கை தட்டியது.

தெரியும் அம்மா. மக்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்திருந்தும் தோற்கடிக்கிறார்கள் என்பதுதான் எங்கள் அணியின் வாதம். காலின்ஸ் அம்மையாருக்குப் பிறகு வருகிறேன். முதலில் மொன்டானாவுக்குப் போக வேண்டும், நடுவர் அவர்களே. இந்தத் தலைப்பின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது.

மொன்டானாவின் வடபகுதியில் பிக் சாண்டி என்று ஒரு சிற்றூர். மொத்தம் அறுநூறு பேர் அளவில் வாழும் ஊர். சுற்றிலும் தானியம் விளையும் சமவெளி. அங்கே தாத்தா காலத்து நிலத்தை உழுதுவருபவர் ஜனநாயகக் கட்சியின் ஜான் டெஸ்டர். பண்ணையோடு சேர்ந்து குடும்பத்துக்கு இறைச்சித் தொழிலும் இருந்தது. ஒன்பது வயதில் இறைச்சி அரைக்கும் இயந்திரத்தில் கை சிக்கி, இடது கையின் நடுவிரல்கள் மூன்றும் போய்விட்டன. டிரம்பெட் வாத்தியத்தின் விசைகளை அழுத்த வலது கை போதும்; அதை வாசிக்கக் கற்றார். கல்லூரியில் இசை படித்தார். ஊர்ப் பள்ளியிலேயே இசை ஆசிரியராக வேலை பார்த்தார். பள்ளி வாரியம், மாநில மேலவை, பிறகு அந்த மேலவையின் தலைவர் பதவி என்று படிப்படியாக வந்தவர், 2006இல் பதவியிலிருந்த கான்ராட் பர்ன்ஸை ஏறத்தாழ 3,500 வாக்குகளில் தோற்கடித்து செனட்டுக்குப் போனார். செனட்டரான பிறகும் உழவை விடவில்லை. ஊருக்கு வந்தால் டிராக்டரில் ஏறி உட்கார்ந்துவிடுவார்.

உழைப்புக்கு எதிரணி என்ன சான்று கேட்கும்? இதோ ஒன்று. இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்கப் படை முகாம்களின் குப்பையைத் திறந்த குழிகளில் கொட்டி எரித்தார்கள். பிளாஸ்டிக், பேட்டரி, மருத்துவக் கழிவு, எல்லாமே அந்தத் தீயில்தான். அந்தப் புகையைச் சுவாசித்த இளைஞர்கள் ஊர் திரும்பிய பிறகு நுரையீரல் நோயோடும் புற்றுநோயோடும் போராடினார்கள். உதவி கேட்டுப் போனால், "இந்த நோய் பணியால்தான் வந்தது என்பதை நீயே நிரூபி" என்றது அரசு. ஆக்சிஜன் குழாய் மாட்டியிருப்பவன் எந்த ஆவணத்தைத் தேடிக்கொண்டு அலைவான்? செனட்டின் முன்னாள் படைவீரர் நலக் குழுவுக்குத் தலைவராக இருந்த டெஸ்டர் அந்தச் சுமையை அவர்கள் தலையிலிருந்து இறக்கினார். குறிப்பிட்ட நோய்கள் வந்தால் அவை பணியால் வந்தவையாகவே கொள்ளப்படும் என்ற சட்டம் 2022 ஆகஸ்டில் 86க்கு 11 என்ற கணக்கில் செனட்டில் நிறைவேறியது. மக்கள்தொகையில் படைவீரர்களின் பங்கு அதிகமுள்ள மாநிலங்களில் மொன்டானாவும் ஒன்று. இதைவிடத் தன் மாநிலத்துக்கு நெருக்கமான வேலையை ஒரு செனட்டர் எப்படிச் செய்ய முடியும்?

இரண்டே ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், அதே மொன்டானா அவரை ஏழு புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்தது. வென்றவர் டிம் ஷீஹி. கடற்படையின் சீல் பிரிவில் இருந்தவர், தீயணைப்பு விமான நிறுவனம் தொடங்கியவர், மின்னசோட்டாவிலிருந்து வந்து குடியேறியவர். அதற்கு முன் எந்தத் தேர்தலிலும் வென்றவர் இல்லை. ஆனால் பெயருக்குப் பக்கத்தில் குடியரசுக் கட்சி என்று இருந்தது.

"அவர் உழைப்பு மக்களிடம் போய்ச் சேரவில்லை, அதனால் தோற்றார்" என்று எதிரணி சொல்லலாம். இங்கே எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், நடுவர் அவர்களே. 2012இல் ஒபாமா மொன்டானாவில் 41.7 சதவீதம் வாங்கித் தோற்றார். அதே வாக்குச்சீட்டில் டெஸ்டர் 48.6 வாங்கி வென்றார். தன் கட்சியின் அதிபர் வேட்பாளரைவிட ஏழு புள்ளி கூடுதல். 2024இல் கமலா ஹாரிஸ் வாங்கியது 38.5, டெஸ்டர் வாங்கியது 45.5. அதே ஏழு புள்ளி! பன்னிரண்டு ஆண்டுகளில் அவருடைய சொந்த மதிப்பு ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. இன்னொன்றையும் சொல்கிறேன். 2012இல் வென்றபோது அவருக்கு விழுந்தவை ஏறத்தாழ 2,36,000 வாக்குகள். 2024இல் தோற்றபோது விழுந்தவை ஏறத்தாழ 2,76,000. வாழ்நாளிலேயே அதிக வாக்குகளை வாங்கிய தேர்தலில்தான் அந்த மனிதர் பதவியை இழந்தார். உழைப்புக்கு உரிய கூலி கிடைத்தது. அந்தக் கூலி போதவில்லை, அவ்வளவுதான். அவர் நின்றுகொண்டிருந்த தரை கீழே இறங்கிவிட்டது. அந்தத் தரையின் பெயர் கட்சி.

2012இல் அவர் ஐம்பது சதவீதத்தைத் தொடவே இல்லையே, லிபர்டேரியன் கட்சிக்காரர் ஆறரை சதவீதம் பிரித்ததால்தானே வென்றார் என்று எதிரணியில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. உண்மைதான். மறுக்கவில்லை. ஆனால் அதுவும் எங்கள் வாதத்துக்கே துணை. அன்று ஜனநாயகக் கட்சியைப் பிடிக்காதவருக்கு, மூன்றாவது ஒருவருக்கு வாக்களித்துவிட்டு வீட்டுக்குப் போக மனம் இருந்தது. 2024இல் மூன்றாமவர்கள் எல்லோரும் சேர்ந்து இரண்டு சதவீதம்கூட வாங்கவில்லை. இரண்டு பெருங்கட்சிகளுக்கு நடுவே நிற்க இடமில்லாமல் போய்விட்டது.

மொன்டானா மக்கள் சிந்திக்காமல் கட்சிச் சின்னத்தைப் பார்த்துக் கை நீட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது அவர்களை அவமதிப்பது. அதே 2024 வாக்குச்சீட்டில் கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியலமைப்பில் சேர்க்கலாமா என்று ஒரு கேள்வியும் இருந்தது. டிரம்புக்கு 58 சதவீதம் கொடுத்த அதே மக்கள், அந்த உரிமைக்கும் ஏறத்தாழ 58 சதவீதம் கொடுத்தார்கள்! டெஸ்டர் ஆதரித்த உரிமை அது, ஷீஹி எதிர்த்தது. கொள்கை வென்றது, கொள்கைக்காக நின்றவர் தோற்றார். ஏன்? அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் எந்தக் கட்சியின் பெயரும் அச்சிடப்படவில்லை. டெஸ்டரின் பெயருக்குப் பக்கத்தில் அச்சிடப்பட்டிருந்தது.

ஒரு வாக்காளரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பில்லிங்ஸ் நகரத்தில் ஒரு முன்னாள் படைவீரர். தபாலில் வந்த வாக்குச்சீட்டைச் சமையலறை மேசைமேல் விரித்து வைத்திருக்கிறார். டெஸ்டர் கொண்டுவந்த சட்டத்தால் அவருக்கு மாதாமாதம் உதவித்தொகை வருகிறது. டெஸ்டர் நல்லவர் என்று மனதாரச் சொல்வார். ஆனால் பேனா ஷீஹியின் பெயருக்குப் போகிறது. அவரிடம் காரணம் கேட்டால் சொல்வார்: "நான் டெஸ்டருக்குப் போடும் வாக்கு டெஸ்டரோடு நிற்பதில்லையே. செனட்டில் எந்தக் கட்சிக்குப் பெரும்பான்மை என்பதை அது முடிவு செய்கிறது. எந்த மசோதா விவாதத்துக்கு வரும், எந்த நீதிபதி உறுதி செய்யப்படுவார், எல்லாக் குழுக்களுக்கும் யார் தலைவர் என்பதெல்லாம் பெரும்பான்மைக் கட்சியின் கையில்தானே?" இந்தக் கணக்கில் என்ன பிழை? அப்போது செனட்டில் ஜனநாயகக் கட்சிப் பக்கம் 51, குடியரசுக் கட்சிப் பக்கம் 49 என்ற நிலை. மேற்கு வர்ஜீனியாவில் ஜனநாயகக் கட்சிப் பக்கம் இருந்த ஜோ மான்சின் போட்டியிடவில்லை. அந்த இடம் கைமாறுவது உறுதியாகிவிட்டது. எஞ்சிய ஒரே இழை மொன்டானாபோன்ற மாநிலங்கள். அந்தப் படைவீரர் தன் செனட்டரைத் தேர்ந்தெடுக்கவில்லை, செனட்டையே தேர்ந்தெடுத்தார்.

இதை டெஸ்டரைவிட நன்றாக உணர்ந்தவர் யாரும் இல்லை. பைடன் போட்டியிலிருந்து விலக வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்ட முதல் சில செனட்டர்களில் அவர் ஒருவர். பைடன் விலகிய பிறகு ஹாரிஸை ஆதரிப்பதாக அறிவிக்கவும் மறுத்தார். சிகாகோவில் கட்சி மாநாடு நடந்தபோது அங்கே போகவில்லை. உழைப்புதான் வெல்லும் என்றால், உழைப்பு நிறைந்த அந்த மனிதர் ஏன் தன் கட்சியின் மேடையிலிருந்து அவ்வளவு தூரம் விலகி நிற்க வேண்டும்? எது தன்னை வீழ்த்தப் போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கட்சியிலிருந்து விலகி நின்றார்; கட்சி அவரிடமிருந்து விலகவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். குடியரசுக் கட்சியின் மாட் ரோசன்டேல் 2018இல் டெஸ்டரிடம் தோற்றவர், அப்போது மொன்டானாவின் பிரதிநிதிகள் அவை உறுப்பினர். 2024 பிப்ரவரியில் செனட்டுக்குப் போட்டியிடுவதாக அறிவித்தார். அன்றே டிரம்ப் ஷீஹிக்கு ஆதரவு அறிவித்தார். ஒரு வாரத்துக்குள் ரோசன்டேல் விலகிக்கொண்டார். குடியரசுக் கட்சியின் செனட் தேர்தல் குழுவுக்கு அப்போது தலைவர் யார்? மொன்டானாவின் இன்னொரு செனட்டர் ஸ்டீவ் டெய்ன்ஸ். வேட்பாளரை முடிவு செய்ததும் கட்சி, வெற்றியை முடிவு செய்ததும் கட்சி.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. மொன்டானாவின் வரலாற்றைக் கேளுங்கள். செனட்டர்களை மாநிலச் சட்டமன்றம் தேர்ந்தெடுத்த காலத்தில், 1899இல், வில்லியம் கிளார்க் என்ற செப்புச் சுரங்க முதலாளி உறுப்பினர்களை விலைக்கு வாங்கி செனட்டரானார். லஞ்சப் பணம் உறையோடு அவையிலேயே காட்டப்பட்டது. செனட் விசாரித்தது, தகுதி இழக்கும் முன்பே 1900இல் பதவி விலகினார். மக்களே நேரடியாக செனட்டரைத் தேர்ந்தெடுக்கும் 17ஆவது திருத்தம் 1913இல் வந்ததற்குத் தூண்டுதலாக இருந்த ஊழல்களில் அதுவும் ஒன்று. 1912இல் மொன்டானா மக்கள் தாங்களே வாக்களித்து, தேர்தலில் நிறுவனங்கள் பணம் செலவிடத் தடை விதித்தார்கள். சரியாக நூறு ஆண்டுகள் அந்தச் சட்டம் நின்றது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 2024இல் பதினொரு லட்சம் பேர் வாழும் மாநிலத்தில் ஒரு செனட் இடத்துக்காக 25 கோடி டாலருக்கும் மேல் கொட்டப்பட்டது. வாக்களித்தவர்கள் ஆறு லட்சம் பேர். தலைக்கு 400 டாலருக்கும் மேல். அந்தப் பணம் பிக் சாண்டியின் சாலைக்காகவா வந்தது? மொன்டானாவை வரைபடத்தில் காட்டத் தெரியாதவர்கள்கூட அனுப்பினார்கள், இரு பக்கமும் அனுப்பினார்கள். செனட்டின் பெரும்பான்மைக்காக வந்த பணம் அது. கட்சிக் கணக்கு இல்லையென்றால் ஒரு டாலரும் வந்திருக்காது.

ஸ்டீவ் புல்லக்கையும் மறந்துவிட வேண்டாம். 2016இல் டிரம்ப் மொன்டானாவில் இருபது புள்ளியில் வென்ற நாளில், ஜனநாயகக் கட்சியின் புல்லக் ஆளுநராக மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். நான்காண்டு கழித்து அதே புல்லக் செனட்டுக்கு நின்றார். பத்துப் புள்ளியில் தோற்றார். மாநிலத் தலைநகர் ஹெலினாவில் உட்கார்ந்து மாநிலத்தை ஆளும்வரை உழைப்பைப் பார்த்தார்கள். வாஷிங்டனுக்குப் போகிறேன் என்றதும் கட்சியைப் பார்த்தார்கள்.

இப்போது காலின்ஸ். அவருடைய வெற்றி உண்மை, அதன் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் 2020இல் அதிபர் தேர்தலில் ஒரு கட்சியையும் செனட்டில் இன்னொரு கட்சியையும் தேர்ந்தெடுத்த மாநிலம் மெய்ன் ஒன்றுதான். அதற்கு முந்தைய 2016இல் செனட் தேர்தல் நடந்த 34 மாநிலங்களில் அப்படி ஒன்றுகூட இல்லை. ஒரே ஒருவரைக் காட்டி விதி என்று சொல்ல முடியுமா அம்மா? 2024இல் டிரம்ப் வென்ற விஸ்கான்சின், மிச்சிகன், நெவாடா, அரிசோனா நான்கிலும் ஜனநாயகக் கட்சியினர் செனட்டுக்கு வென்றதையும் நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள். அந்த நான்கிலும் டிரம்பின் முன்னிலை ஒரு புள்ளிக்கும் குறைவிலிருந்து ஐந்தரைப் புள்ளி வரைதான். அந்த அளவு இடைவெளியை ஒரு நல்ல வேட்பாளர் தாண்டலாம். ஒஹையோவில் பதினொரு புள்ளி இருந்தது. அங்கே மூன்று முறை வென்ற ஜனநாயகக் கட்சி செனட்டர் ஷெரட் பிரவுன் தோற்றார். மொன்டானாவில் இருபது புள்ளி இருந்தது. மனித உழைப்பு எட்டும் எல்லைக்கு அப்பால் கட்சி நிற்கிறது.

1970களின் இறுதியில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இரண்டு செனட்டர்களும் இருவேறு கட்சிக்காரர்களாக இருந்தார்கள். 2025 ஜனவரியில் அப்படிப்பட்ட மாநிலங்கள் மூன்றே மூன்று. அன்று உழைத்தவர்கள் எல்லோரும் இன்று சோம்பேறிகள் ஆகிவிட்டார்களா?

மணி அடித்துவிட்டது, முடிக்கிறேன். எதிரணியின் அடுத்த பேச்சாளர் என் மதிப்புக்குரிய நண்பர். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். 2012இல் வென்ற டெஸ்டரைவிட 2024இல் தோற்ற டெஸ்டருக்கு அனுபவம் கூடியிருந்தது, குழுத் தலைமை கூடியிருந்தது, கைக்குள் ஒரு பெருஞ்சட்டம் இருந்தது, விழுந்த வாக்குகளும் கூடியிருந்தன. உழைப்பில் எந்த இடத்தில் குறை கண்டு மொன்டானா அவரை பிக் சாண்டிக்குத் திருப்பி அனுப்பியது? அதை ஆதாரத்தோடு சொல்லிவிட்டு அவர் தன் உரையைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.