தட்டை முனை உட்காராத இடம்

வணக்கம் உறவுகளே. கமராவை மேசைக்கு அருகே கொண்டுவருகிறேன், இந்த இரும்புத் துண்டைப் பாருங்கள். சம்மாந்துறைப் பக்கம் என் சித்தப்பா நடத்தும் அரிசி ஆலையில், நெல் அவிக்க நீராவி போகும் குழாயின் வளைவு இது. சென்ற போகத்தில் ஓர் இரவு வெடித்தது. ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் அங்கே வேலை செய்யும் அக்கா ஒருவர் அந்த வழியால் போயிருந்தார். நினைத்தால் இன்னும் நெஞ்சு பதைக்கிறது.

கிரைண்டரால் குறுக்கே வெட்டியிருக்கிறேன். வேர்னியரை வைக்கிறேன். நேர்ப்பகுதியில் சுவரின் தடிப்பு 4 மில்லிமீற்றர். வளைவின் வெளிப்புறத்தில் 1.5 கூட இல்லை. நீராவியோடு வரும் நீர்த்துளிகள் திரும்ப முடியாமல் வெளிச் சுவரில் மோதி மோதி அரித்திருக்கின்றன.

வெடிப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பு இந்தக் குழாயை மீயொலி, அதாவது நம் காதுக்குக் கேட்காத ஒலி, கொண்டு பரிசோதித்து, சரி என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். எழுதிய எண்கள் உண்மையானவைதான். ஆனால் அளந்ததெல்லாம் நேர்ப்பகுதியில்.

ஏன் வளைவை விட்டார்கள்? மீயொலி ஒருபக்கம் நுழைந்து, மறுசுவரில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தடிப்பைக் கணக்கிடுகிறோம். எஃகில் ஒலி செக்கனுக்குச் சுமார் 5900 மீற்றர் ஓடும். 4 மில்லிமீற்றர் போய்த் திரும்ப ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒன்றரைப் பங்குகூட ஆகாது. ஆனால் இடையில் நூலளவு காற்று இருந்தாலும் ஒலி உள்ளே போகாது, ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். வயிற்றில் ஸ்கேன் செய்யும்போது ஜெல் பூசுவது இதற்காகத்தான். இப்போது மீயொலியை அனுப்பும் கருவியின் இந்தத் தட்டை முனையை வளைவில் வைக்கிறேன். தேங்காய் மேல் தீப்பெட்டி வைத்தது போல ஆடுகிறது, பாருங்கள். ஓரங்களில் இடைவெளி.

மீயொலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் சிறு உணரிகளை வரிசையாகக் கொண்ட, வளையக்கூடிய முனை இந்த இடத்துக்குத்தான் வேண்டும். அழுத்தினால் மின்னழுத்தம் தரும் படிகங்களைக் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்தார்கள். இன்று உணரிகளில் இருப்பது பெரும்பாலும் அதே குணமுள்ள பீங்கான். அது வளைத்தால் உடையும். ஆகவே சிறு சிறு துண்டுகளாக்கி, நெகிழும் பொலிமருக்குள் வரிசையாகப் பதிக்கிறார்கள். துண்டு வளையாது, துண்டுகளுக்கு இடையிலுள்ளது வளையும். ஈரத்துணி போல வளைவில் படிந்துவிடும்.

அதோடு வேலை முடியவில்லை, எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனித்தான். மூன்று பேர் மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில் ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டும் என்று வையுங்கள். ஒரே வேகத்தில் வந்தால், மிகத் தொலைவிலுள்ள களுவாஞ்சிக்குடிக்காரர் முதலில் புறப்பட வேண்டும், பிறகு ஏறாவூர்க்காரர், கிட்டவுள்ள காத்தான்குடிக்காரர் கடைசியாக. உள்ளிருப்பதைப் படமாகப் பார்க்க, உலோகத்துக்குள் ஒரு புள்ளியில் ஒலி அலைகளைக் குவிப்பதும் இப்படித்தான்: ஒவ்வொரு துண்டும் நுண்ணிய நேர வித்தியாசத்தோடு ஒலிக்க வேண்டும். ஒருவர் வீடு மாறியதைச் சொல்லாவிட்டால் கணக்கு என்னவாகும்? உணரி வளைந்ததும் எல்லாத் துண்டுகளும் வீடு மாறிவிடுகின்றன! பழைய கணக்கில் படம் எடுத்தால் உலோகத்திலுள்ள விரிசல் மங்கிப்போகும், அல்லது இல்லாத இடத்தில் தோன்றும்.

இதற்கு இரண்டு வழிகள். வளைவை அளக்கும் சிறு உணரிகளைக் கூடவே பதிப்பது ஒன்று. மற்றது, எதிரொலிகளை வைத்தே வடிவத்தை ஊகித்து, படம் கூர்மையாகும்வரை கணினி திருத்திக்கொண்டே போவது. 64 துண்டுகள் ஒவ்வொன்றாக ஒலிக்க, ஒவ்வொரு முறையும் 64உம் கேட்டால் 4096 பதிவுகள். அவ்வளவும் இருந்தால் கணினிக்குத் திருத்த இடமுண்டு.

அந்தக் கருவி நம் ஆலைகளுக்கு வரும்வரை காத்திருக்கச் சொல்லமாட்டேன். விரல் நுனியளவு சிறிய முனையால் வளைவைப் புள்ளி புள்ளியாக இன்றே அளக்கலாம், நேரம்தான் எடுக்கும். புதிதாகப் போட்ட வளைவின் வெளிப்புறத்தில் சித்தப்பாவும் நானும் சோக்கட்டியால் பன்னிரண்டு புள்ளிகள் போட்டிருக்கிறோம். பொயிலர் ஆறியிருக்கும் நாளில் அளக்க வருபவரிடம் முதலில் அந்தப் பன்னிரண்டையும் காட்டுவோம்.