முளைப்பாரியும் நீல வெளிச்சமும்

நேயர்களுக்கு வணக்கம். புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். சொந்த ஊர் கடலூர் முதுநகர்.

எங்கள் தெருவில் ஆடி மாதம் அம்மனுக்கு முளைப்பாரி எடுப்பார்கள். அதற்கென்றே என் அத்தை ஓர் அறையை இருட்டாக வைத்திருப்பார். மண்சட்டியில் வைக்கோல், எரு, அதன்மேல் ஊறவைத்த நவதானியம். தண்ணீர் தெளிக்க மட்டும்தான் கதவு திறக்கும். ஒன்பதாம் நாள் சட்டி வெளியே வரும்போது பயிர் முழ உயரம் நிற்கும். ஆனால் பச்சை இருக்காது, வெளுத்த மஞ்சள்தான். காலையில் கோயில் வாசலில் வெயில்பட வைத்த சட்டியைச் சாயங்காலம் போய்ப் பாருங்கள், மஞ்சளுக்குள் பச்சை ஏறியிருக்கும்.

அந்தப் பச்சையை ஏற்றியதில் பெரும்பங்கு ஒரு நொதிக்கு. உயிர்களுக்குள் வேதிமாற்றங்களை நடத்திக்கொடுக்கும் புரதத்தைத்தான் நொதி, என்சைம் என்கிறோம். சோற்றை மென்றால் வாயில் இனிக்கிறதே, அதுவும் நொதியின் வேலைதான். ஆனால் எச்சிலில் உள்ள நொதிக்கு இருட்டும் வெளிச்சமும் ஒன்று. முளைப்பாரியில் இருப்பது வேறு ரகம். பச்சையமாக மாறவேண்டிய பொருளைப் பிடித்துக்கொண்டு இருட்டிலேயே காத்திருக்கும். ஒளி பட்டால்தான் அடுத்த மாற்றத்தைச் செய்யும். இப்படி ஒளியாலேயே இயங்கும் நொதிகள் இயற்கையில் மிகச் சில. புற ஊதாக் கதிரால் பழுதான டிஎன்ஏவை நீல ஒளியின் துணையோடு சரிசெய்யும் நொதி இன்னொன்று. அது பாக்டீரியாக்களிடம் உண்டு, செடிகளிடம் உண்டு, நம்மிடம் இல்லை.

2017ஆம் ஆண்டு பிரான்சில் கடாராஷ் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் இந்த வரிசையில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். குளோரெல்லா என்ற பச்சைப் பாசியில் இருந்தது. கொழுப்பு அமிலத்தைப் பிடித்து, நீல ஒளி பட்டதும் அதன் ஒரு முனையைக் கரியமில வாயுவாகக் கழற்றிவிடும். மிஞ்சுவது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ள ஹைட்ரோகார்பன்.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கடற்கரையில் பஜ்ஜி போடுகிறவர் பாமாயில் ஊற்றுகிறார். அந்த எண்ணெயில் பால்மிடிக் அமிலம் நிறைய உண்டு, அதில் 16 கார்பன் அணுக்கள். ஒன்றைக் கழற்றினால் 15 கார்பன் கொண்ட சங்கிலி, டீசலில் இருக்கும் அதே வகை. எண்ணெயை நேரே கொடுத்தால் இந்த நொதி தொடாது. முதலில் நம் வயிற்றில் கொழுப்பைச் செரிக்கிற லிப்பேஸ் இனத்து நொதி ஒன்றை விட்டு, எண்ணெயிலிருந்து அமிலத்தைப் பிரிக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே பாத்திரத்தில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் செய்து காட்டினார்கள். கொதிகலன் இல்லை, அழுத்தம் இல்லை. நீல விளக்கும் மிதமான சூடும் போதுமாக இருந்தன.

குறையும் உண்டு. பக்கத்தில் கொழுப்பு அமிலம் இல்லாமல் இந்த நொதியை வெளிச்சத்தில் வைத்தால், அந்த ஒளியே அதைக் கெடுத்துவிடும்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டால், சிறு வயதில் சில இரவுகளில் காற்று திரும்பியதும் நாங்கள் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்ததுதான் காரணம். உப்பனாற்றுக் கரைக்காரர்களுக்கு ரசாயன ஆலைகளின் அந்த வாடை தெரியும். மருந்தும் சாயமும் நமக்கு வேண்டும், மறுக்கவில்லை. அவற்றைக் கடும் கரைப்பான்களிலும் பெரும் சூட்டிலும்தான் செய்தாக வேண்டுமா என்பதே என் கேள்வி. நொதிகள் பெரும்பாலும் தண்ணீரில், நம் உடம்புச் சூட்டிலேயே அந்த வேலையில் ஒரு பகுதியைச் செய்யக்கூடியவை.

ஆனால் பல நொதிகள் கூலி கேட்கும். அந்தக் கூலியின் பெயர் என்ஏடிபிஹெச், நொதிக்கு எலக்ட்ரான்களைக் கொண்டுவந்து கொடுக்கும் ஒரு மூலக்கூறு. விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகாது. அதனால் சர்க்கரையைக் கொடுத்து அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கிறார்கள். அந்தச் சர்க்கரை எங்கிருந்து வருகிறது? கரும்பு, மக்காச்சோளம். வெயில் வயலில் விழுந்து, பயிராகி, ஆலைக்குப் போய், சர்க்கரையாகி, கடைசியில் நொதிக்கு வருகிறது. இத்தனை சுற்று எதற்கு? நீலப்பச்சைப் பாசிகள் தண்ணீரைப் பிளந்து, வெயிலைக்கொண்டு இதே என்ஏடிபிஹெச்சைத் தாமே ஆக்குகின்றன. நமக்கு வேண்டிய நொதியின் மரபணுவை அந்தப் பாசிக்குள் வைத்துவிட்டால், வெயிலே கூலி கொடுத்துவிடும். சினெக்கோசிஸ்டிஸ் என்ற பாசியில் ஆய்வுக்கூட அளவில் இது நடந்திருக்கிறது.

தொழிற்சாலை அளவுக்கு ஏன் வரவில்லை என்பதை ஆரோவில் பக்கம் ஸ்பைருலினா எனப்படும் சுருள்பாசியின் தொட்டியில் கண்ணாலேயே பார்க்கலாம். பாசி வளர்ப்பவர்கள் ஒரு குச்சியின் நுனியில் வெள்ளைத் தட்டு கட்டித் தண்ணீருக்குள் இறக்குவார்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டரிலேயே தட்டு மறைந்தால் அறுவடைக்குத் தயார் என்று கணக்கு. அப்படியென்றால் இன்னும் கொஞ்சம் கீழே இருக்கும் பாசிக்கு வெளிச்சம் ஏறக்குறைய இல்லை. மேலே இருப்பது வெயிலைத் தின்றுவிடுகிறது, கீழே இருப்பது முளைப்பாரி அறையில் இருக்கிறது. கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது விரல் பருமன் குழாய்களில் ஓடவிட வேண்டும்.

எங்கள் மொட்டை மாடியில் மாணவிகள் சுருள்பாசியை அப்படிக் கண்ணாடிக் குழாய்களில் ஓடவிட்டார்கள். பங்குனி வெயில். காலையில் நன்றாக இருந்தது. உச்சிப்பொழுதில் குழாய்த் தண்ணீர் 44 டிகிரி. மறுநாள் பாசி வெளுத்து அடியில் படிந்துவிட்டது. ஒரு மாணவி அழுதே விட்டாள். குளிர்நாட்டு ஆய்வுக்கூடத்தில் விளக்கடியில் செய்த சோதனையை அப்படியே எடுத்து நம் மாடியில் வைக்க முடியாது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அங்கே அவர்களுக்கு வெயில் போதவில்லை. இங்கே வெளிச்சத்தை வைத்துக்கொண்டு சூட்டை மட்டும் கழிக்க வேண்டும். இந்தக் கணக்கை வேறு யாரும் நமக்குப் போட்டுத் தரப்போவதில்லை. நம் பிள்ளைகள்தான் போடவேண்டும்.

இப்போது குழாய்களின் கீழ்ப்பாதியை ஆழமில்லாத தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, மேலே ஈரச் சாக்கை ஒரு முழ இடைவெளி விட்டுக் கட்டியிருக்கிறார்கள். பதினோரு மணிக்குச் சாக்கை இழுத்து மூடுகிறார்கள், மூன்று மணிக்குத் திறக்கிறார்கள். நேற்று உச்சிவெயிலில் 37 டிகிரி. பாசி பச்சையாகவே இருக்கிறது.

நன்றி, வணக்கம்.