போட் ஹவுஸும் ஹவுஸ் போட்டும்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. பின்னாடி மைக் கேக்குதா? சரி. ஞாயித்துக்கெழமை சாயங்காலம் லைப்ரரிக்கு வந்து இங்கிலீஷ் கிராமர் கேக்க இத்தன பேர் உக்காந்திருக்கீங்கன்னா, ஒண்ணு உங்களுக்கு எக்ஸாம் இருக்கணும், இல்ல வீட்ல கரன்ட் இல்லாம இருக்கணும்.

நாங்க படிக்கும்போது பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச், அதாவது எந்த வார்த்தை எந்த எனம்ங்கறது, மனப்பாடம்தான். நவுன், ப்ரோநவுன், அட்ஜெக்டிவ், வெர்ப், அட்வெர்ப், ப்ரெப்பொசிஷன், கன்ஜங்ஷன், இன்டர்ஜெக்ஷன்னு வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டு ஒப்பிக்கணும், எட்டும் வந்தா உக்காரலாம், ஒண்ண விட்டா பெஞ்ச் மேல. நான் ஒருநாளும் பெஞ்ச் மேல ஏறுனதில்ல. அந்தத் தெனாவெட்டுல மொத வேலைக்கு இன்டர்வியூ போனேன், உள்ள மூணு பேர், "ரிலாக்ஸ், ஹவ் ஆர் யூ ஃபீலிங்?"னு கேட்டாங்க, நான் பட்டுன்னு "ஐ யாம் வெரி டென்ஷன் சார்"ன்னேன். நடுவுல இருந்தவர் சிரிப்ப அடக்கிக்கிட்டு தண்ணி கிளாஸ என் பக்கம் நகத்தி வெச்சார். வேலை கெடைக்கல. அதுல என்ன தப்புன்னு புரியறதுக்கு எனக்கு பல வருஷம் ஆச்சு.

பாருங்க, நாம இங்கிலீஷ்லருந்து எந்த வார்த்தைய எடுத்துக்கிட்டாலும் அது பின்னாடி நம்ம ஆள் ஒருத்தர மாட்டி விட்டுர்றோம். பண்ணு, ஆகு, அடி, போடு. ட்ரை பண்ணு, போர் அடிக்குது, பிரேக் போடு. ஓட்டறது பின்னாடி இருக்கற அந்த தமிழ் வார்த்தைதான், முன்னாடி எத வெச்சாலும் வண்டி ஓடும். டென்ஷன் நவுன், அட்ஜஸ்ட் வெர்ப், சீரியஸ் அட்ஜெக்டிவ், ஆனா நம்ம வாய்ல மூணும் ஒரே ஜாதி: டென்ஷன் ஆயிட்டான், அட்ஜஸ்ட் ஆயிட்டான், சீரியஸ் ஆயிட்டான். இங்கிலீஷுக்குள்ள காலெடுத்து வெச்சதும் அந்த 'ஆயிட்டான்' கழண்டுருது, வார்த்தை தனியா நிக்குது, அப்பதான் அது என்ன எனம்னு கேள்வியே வருது. ஐ யாம் டென்ஸ்னு சொல்லியிருக்கணும். ஐ யாம் டென்ஷன்னா 'டென்ஷன்ங்கறதே நான்தான்'னு அர்த்தம். எங்க வீட்ல கேட்டா ஆமான்னுதான் சொல்வாங்க, அது வேற விஷயம். 'ஹீ இஸ் சக்சஸ்'ங்கறதும் இதே கதைதான். சக்சஸ் நவுன், சக்சீட் வெர்ப், சக்சஸ்ஃபுல் அட்ஜெக்டிவ். நாம மூணுக்கும் சேத்து ஒரே சக்சஸ வெச்சு குடும்பம் நடத்தறோம்.

சரி, இந்த எட்டுங்கற கணக்கு யார் போட்டது? இங்கிலீஷ்காரன் இல்ல. 2000 வருஷத்துக்கு மேல பழசு, கிரேக்கத்துல டயோனிசியஸ் திராக்ஸ் பேர்ல ஒரு சின்ன இலக்கண நூல் இருக்கு, அதுல எட்டு. பின்னாடி லத்தீன்காரங்க அந்த அச்சுலயே தங்களோட மொழிய ஊத்திப் பாத்தாங்க, லத்தீன்ல ஆர்ட்டிகிள், அதாவது 'எ', 'த' மாதிரி வார்த்தை, கெடையாது, ஏழுதான் தேறுச்சு. எட்டு வந்தாகணுமே! 'ஐயோ', 'அடடா'ன்னு கத்தறத ஒரு தனி எனமாக்கி இன்டர்ஜெக்ஷன்னு பேர் வெச்சு கணக்க சரி பண்ணிட்டாங்க. சத்தியமா, அது உள்ள வந்த கதை இதுதான். அந்தப் பழைய எட்டுல அட்ஜெக்டிவ் தனியா இல்ல, நவுனோடதான் கெடந்துச்சு, ஏன்னா அங்க ரெண்டும் ஒரே மாதிரி வேற்றுமை உருபு எடுக்கும். இங்கிலீஷ்ல அட்ஜெக்டிவ் அப்படி எதையும் எடுக்காது, அதனால பிரிச்சு வெச்சாங்க. 1795ல லிண்ட்லி மர்ரே எழுதின கிராமர்ல ஆர்ட்டிகிளையும் சேத்து ஒன்பது. நம்ம தொல்காப்பியர் நாலோட முடிச்சுக்கிட்டார்: பெயர், வினை, இடை, உரி. அதுலயும் சொல்லுன்னா பெயரும் வினையும்தான், மத்த ரெண்டும் அதுகள ஒட்டி வர்றதுன்னுட்டார். அதனால யாராவது எட்டா ஒன்பதான்னு சண்டை போட்டா நீங்க எந்திரிச்சு போய் டீ குடிங்க.

பாக்க வேண்டியது வேற. தமிழ்ல ஒரு வார்த்தை தன் வேலைய வால்லயே எழுதி வெச்சிருக்கும். பூனை பாலைக் குடிச்சுது, பாலைப் பூனை குடிச்சுது, குடிச்சுது பூனை பாலை, எப்படிப் புரட்டினாலும் அந்த 'ஐ' இருக்கற வரைக்கும் குடிபட்டது பால்தான். இங்கிலீஷ்ல வால் ரொம்பக் கம்மி, அங்க எல்லாமே எடம். கல்யாணப் பந்தி மாதிரிங்க. எலைக்கு முன்னாடி உக்காந்திருந்தா விருந்தாளி, வாளியத் தூக்கிட்டு நின்னா பரிமாறறவர், ஆள் ஒரே சித்தப்பாதான்.

ஊட்டிக்கு போனா என்ன பாப்பீங்க? போட் ஹவுஸ். ஆலப்புழைக்கு போனா? ஹவுஸ் போட். அதே ரெண்டு வார்த்தை, எடத்த மாத்திப் போட்டதும் ஒண்ணு ஏரிக்கரைல நகராம நிக்குது, இன்னொண்ணு தண்ணில மெதக்குது. பின்னாடி நிக்கறதுதான் பொருள், முன்னாடி நிக்கறது 'என்ன மாதிரி'ன்னு சொல்ற வேலைய பாக்குது. ரெண்டுமே நவுன்தான், ஆனா முன் சீட்ல உக்காந்தது அட்ஜெக்டிவ் பாக்கற வேலைய பாக்குது.

இன்னும் நல்ல ஆள் 'ரவுண்ட்'. ஊர ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வரேன்னு நாம சொல்ற அதே ரவுண்ட்தான். 'எ ரவுண்ட் டேபிள்', டேபிளுக்கு முன்னாடி நின்னு வட்டமானதுன்னு சொல்லுது, அட்ஜெக்டிவ். 'த செகண்ட் ரவுண்ட்', பின்னாடி யாரும் இல்ல, அதுவே பொருள், நவுன். 'ஹீ ரவுண்டட் த கார்னர்', வால்ல 'ஈடி' (-ed) வந்துருச்சு, வெர்ப். 'ஷீ லிவ்ஸ் ரவுண்ட் த கார்னர்', கார்னர கையோட புடிச்சிட்டு வருது, ப்ரெப்பொசிஷன். 'ஹீ டர்ன்ட் ரவுண்ட்', புடிக்க யாரும் இல்ல, திரும்பினதோட ஒட்டிக்கிச்சு, அட்வெர்ப். அஞ்சு வேலை, ஒரே ஆள், ஒரே சம்பளம். 'ரவுண்ட் எந்த எனம்?'னு மொட்டையா கேட்டா பதிலே இல்ல. வாக்கியத்தக் குடு, அப்புறம் சொல்றேன்னு சொல்லுங்க.

நம்ம ஆளுங்க அதிகமா வழுக்கி விழற எடம் ப்ரெப்பொசிஷன். பேர்லயே இருக்கு, ப்ரீ, முன்னாடி. 'ஆன் த டேபிள்'. நமக்கு டேபிள் மேல, பின்னாடி வரும். அத முன்னாடி தூக்கி வெக்க நாம கத்துக்கறோம், கத்துக்கிட்டதும் கை நிக்க மாட்டேங்குது. ஸ்கூலுக்கு போனேன், ஐ வென்ட் டு ஸ்கூல், சரி. வீட்டுக்கு போனேன், ஐ வென்ட் டு ஹோம், தப்பு. 'க்கு' இருக்கே சார்னு கேப்பீங்க. ஹோம் அங்க உக்காந்திருக்கறது அட்வெர்ப் சீட்டு, ஹியர், தேர், அப்ராட் எல்லாம் உக்கார்ற வரிசை. 'வீட்டுக்கு'ல இருக்கற 'க்கு' ஹோமுக்குள்ளயே போயிருச்சு. ஆனா 'மை' சேத்துப் பாருங்க, ஐ வென்ட் டு மை ஹோம், மறுபடி நவுன், மறுபடி 'டு'. 'டிஸ்கஸ் அபவுட்'டும் 'பத்தி'ங்கற நெனப்புல வர்றதுதான். டிஸ்கஸ் த ப்ராப்ளம், அவ்வளவுதான்.

அட்வெர்ப்புக்கு ஒரே ஒரு எச்சரிக்கை, 'லி'ய நம்பாதீங்க. ஃப்ரெண்ட்லி அட்ஜெக்டிவ். ஐ வொர்க் ஹார்ட்னா கடுமையா உழைக்கறேன், ஐ ஹார்ட்லி வொர்க்னா வேலையே செய்யறதில்ல. இதையும் இன்டர்வியூல சொல்லிராதீங்க.

கேள்வி இருக்கா? சொல்லுங்கம்மா. பையன் லீவு நாள்ல 'மம்மி, ஐ யாம் போரிங்'னு சொல்றானா? நல்லா கேட்டீங்க. கிரேக்கக்காரங்க எட்டுல பார்ட்டிசிப்பிள்னு ஒண்ண தனியா வெச்சிருந்தாங்க, வெர்ப்புக்குப் பொறந்து அட்ஜெக்டிவ் வீட்ல வளர்றது, இங்கிலீஷ்ல அது ரெண்டு வேஷத்துல வரும், வால்ல 'இங்' (-ing), இல்ல 'ஈடி' (-ed). அறுக்கறவன் போரிங், அறுபடறவன் போர்ட். உங்க பையன் 'நான் ஒரு அறுவை'ன்னு ஒத்துக்கறான். பக்கத்துல இருக்கற இவர்தானா அது? என்ன தம்பி, சத்தமா சொல்லு. 'ஐ யாம் போர்ட் அங்கிள்'ஆ?

நூத்துக்கு நூறு. டீ வந்துருச்சு, எந்திரிங்க.